வீட்டுக்காரர் யாரென்று கேட்டார்கள்

அன்பு மகள் வாலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நலம். அங்கே நீ நலமாக இருப்பதாக நீ சொல்வதை நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி படி ஏறும்போது மட்டும்தான், இறங்கும்போது என்னைத் திட்டிக்கொண்டே இறங்குவதால் வலி தெரிவதில்லை போலிருக்கிறது. எனக்கு வயிறு இன்னொரு சுற்று வந்துவிட்டது. போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குக் குறைவில்லை. முப்பது வயதைத் தாண்டிய பெண்ணை இன்னமும் வாலு என்று எழுதுகிறாரே என்று முகத்தைச் சுளிக்காதே, வேறு பேரில் கூப்பிட்டால் உன்னைத்தான் கூப்பிட்டேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். போனில் சொல்லக்கூடியதை ஏன் மடக்கி மடக்கி எழுதுகிறேன் என்றால், போனில் ஆரம்பித்ததும் நீ மீட்டிங் இருக்குப்பா என்று பாதியில் ஓடிவிடுகிறாய், மீதிப் பாதியில் உன் அம்மா போனைப் பிடுங்கித் தன் பக்கத்து நியாயத்தைப் பேசிவிடுகிறாள். கடிதத்தை யாரும் பிடுங்க முடியாது, கடிதத்துக்கு மீட்டிங்கும் கிடையாது. உன் ஊருக்கு வர விசா முதல் தடவை கிடைக்கவில்லை என்பது மட்டும் உனக்குத் தெரியும். ஏன் கிடைக்கவில்லை என்று உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மா என் வாயைக் கட்டிவைத்திருந்தாள். இரண்டாம் தடவையும் போய்வந்துவிட்டோம், இன்று காலை பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. என்ன ஆயிற்று என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே, உன் புத்தி எனக்குத் தெரியும், ஒழுங்காக இங்கிருந்தே படி.

நீயும் மாப்பிள்ளையும் இனிமேல் தனித்தனியாக இருக்கப் போகிறீர்கள் என்று ஆறு மாதத்துக்கு முன்னால் நீ போனில் சொன்னாய் அல்லவா, இரண்டே வரியில் சொல்லிவிட்டு மூன்றாவது வரியில் அங்கே மழை பெய்கிறது என்று போய்விட்டாய். ஏன் எதற்கு என்று நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ வீடியோவில் வரும்போதெல்லாம் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாய். உன் தலையைச் சுற்றி வெளிச்சம், முகம் மட்டும் கரிக்கட்டை. வெளிச்சத்துக்கு முதுகு காட்டினால் படத்தில் முகம் விழாது என்று உனக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே ஸ்டூடியோவில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். தெரியாமல் யாராவது அப்படி உட்காரலாம், நீ உட்கார முடியாது. அம்மாவுக்கு இந்த வெளிச்சக் கணக்கெல்லாம் தெரியாது, அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான், அவ மூஞ்சியை நான் நேர்ல பார்க்கணுங்க. எதுக்கும்மா செலவு, இங்க குளிரு, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று நீ எவ்வளவோ சொன்னாய். போனை வைத்ததும் அம்மா என்னிடம், அவ வேண்டாம்னு சொல்லலை, வேண்டாம்னு சொல்ற மாதிரி சொல்றா என்றாள். அன்றைக்கே உன் மாமாவைக் கூப்பிட்டு விசாவுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டுவிட்டாள். உன் மாமா கம்பெனிச் செலவில் அந்த நாட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தவர், அதனால் அந்த நாட்டைப் பற்றி அந்த நாட்டுக்காரர்களுக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

முதலில் போட்டோ. இதில் நமக்கென்ன கவலை, வீட்டிலேயே போட்டோக்காரர் இருக்கிறாரே என்று நீ நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். பின்னால் வெள்ளைத் திரை, மூக்குக்கண்ணாடி கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, பல் தெரியவே கூடாது, முகத்தைச் சுளிக்கவும் கூடாது. காலமெல்லாம் சிரிங்க சிரிங்க என்று தொண்டை கிழியக் கத்தியவன் உன் அம்மாவைப் பார்த்துச் சிரிக்காதே என்று சொன்னதுதான் தாமதம், அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கேமராவுக்குப் பின்னாடி உங்க மூஞ்சியைப் பார்த்தா யாருக்குங்க சிரிப்பு வராது என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். வெளியே இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள். சரி, மாப்பிள்ளையை நினைச்சுக்கோ என்றேன். சிரிப்பு நின்றது, ஆனால் வந்த முகத்தைப் பார்த்தால் எந்த நாட்டிலும் கதவைச் சாத்திவிடுவார்கள். கடைசியில் எனக்கொரு யோசனை வந்தது, ஆமா, அடுப்பை அணைச்சிட்டுத்தானே வந்தே என்று கேட்டேன். சிரிப்பும் இல்லை கோபமும் இல்லை, அப்படியே வெறுமையாக ஒரு முகம், டக்கென்று எடுத்துவிட்டேன். அதன் பிறகு அவள் வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தாள், அணைத்துத்தான் இருந்தது. அந்தப் படத்துக்காக இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்தது விண்ணப்பம். அதை மாமா கம்ப்யூட்டரில் நிரப்பினார். அம்மாவின் தொழில் என்ற இடத்தில் வேலை இல்லை என்று போட்டுவிட்டார். வேலை இல்லையா, அப்ப இத்தனை வருஷமா நான் இந்த வீட்ல சினிமாவா பார்த்துக்கிட்டிருந்தேன், எழுதின கையை இங்க காட்டுடா என்று அவள் கிளம்பியதில் மாமா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இல்லத்தரசி என்று மாற்றினோம். அரசின்னு போட்டாச்சில்ல, இப்ப கொடுக்க மாட்டேன்னு சொல்லட்டும் பார்க்கலாம் என்றாள். அப்புறம் பாங்க் ஸ்டேட்மென்ட், திரும்பி வருகிற டிக்கெட், இன்ஷூரன்ஸ், வாடகை ஒப்பந்தம், ஸ்டூடியோ லைசென்ஸ், உன் சம்பளச் சீட்டு என்று ஒரு கட்டு சேர்ந்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், நாம் திரும்பி வந்துவிடுவோம் என்று அவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றார் மாமா. போகிறவர்கள் எல்லாரும் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் கேள்வியே கேட்பார்களாம். அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. நான் எதுக்குடா அங்கேயே இருக்கப்போறேன், துவைச்ச துணிகூட வெளியில காயாதாமே என்றாள். பயிற்சி கொடுக்கிறேன் என்று மாமா, வாடிக்கையாளர்களுக்காக நாம் வைத்திருக்கும் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்க்கா, கூட ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். அம்மாவால் அது ஒன்றுதான் முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

தூதரகத்தில் பெரிய கூடம், வரிசை வரிசையாக நாற்காலிகள், கையில் டோக்கன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு சின்னப் பெண். நம் பெண்தான், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் வெளிநாட்டில். தமிழ் பேசுகிறாள், அது வாடகை வீட்டில் அவள் அம்மாவிடம் கேட்டுக் கேட்டுக் கற்ற தமிழ். முதலில் உன் அம்மாவை மட்டும் கூப்பிட்டார்கள். வீட்டில் உங்களோடு யார் இருக்கிறார்கள் என்று கேள்வி. நானும் எங்க வீட்டுக்காரரும்தான் என்றாள் உன் அம்மா. அந்தப் பெண்ணுக்கு வீட்டுக்காரர் என்றால் மாதாமாதம் வாடகை வாங்க வருகிற ஆள், வேறு அர்த்தமே தெரியாது. அதற்குத் தோதாகக் காகிதக் கட்டின் மேலாக இருந்தது வாடகை ஒப்பந்தம். அவள் வீட்டு ஓனர் என்றே மொழிபெயர்த்துவிட்டாள். டிக்கெட் செலவு யாருடையது என்று அடுத்த கேள்வி. வீட்டுக்காரர்தான், வேற யாரு என்றாள் அம்மா. அவர் ஏன் செலவு செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். இது என்ன கேள்வி, இத்தனை வருஷமா ஒண்ணா இருக்கோம், இதுகூடச் செய்ய மாட்டாரா, என்னை விட்டு ஒரு நாள் இருக்க மாட்டார் அவர் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கி, இது உங்க கணவருக்குத் தெரியுமா என்று கேட்டாளாம். தெரியாம எப்படிம்மா, அவர்தானே போட்டோ எடுத்தாரு, வெளியிலதான் உட்கார்ந்திருக்காரு என்றாளாம் உன் அம்மா. ஊரில் எந்தெந்த இடங்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றதற்கு, முதல்ல அவ சமையலறையைப் பார்க்கணும் என்றாளாம். எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்றதற்கு, இருபது நாள் என்று மாமா தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்ததை மறந்துவிட்டு, அவ முகம் தெளியற வரைக்கும் என்று சொல்லியிருக்கிறாள்.

பிறகு என் முறை. நான் உட்கார்ந்ததும் அந்தப் பெண், உங்க வீட்டு ஓனர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். நாம் ஒழுங்கான குடித்தனக்காரர்களா என்று விசாரிக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டுக்குச் சொந்தக்காரரான நம் மாடிக்காரரைப் பற்றி நான் வாய் நிறையப் புகழ்ந்து தள்ளினேன். தங்கமான மனுஷன், வாடகையைக்கூட ஏத்த மாட்டார், நான் கடையில இருக்கும்போது வீட்டுக்கு அவர்தான் துணை, தினமும் கீழ வந்து என் மனைவி கையால காபி குடிக்காம அவருக்குப் பொழுது விடியாது என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். நாம் சொல்வதை இவ்வளவு அக்கறையாக எழுதிக்கொள்கிறாரே என்று எனக்குச் சந்தோஷம். உங்கள் மனைவியின் பயணத்துக்கு அவர் உதவுகிறாரா என்று கேட்டார்கள். விமான நிலையத்துக்குத் தன் காரில் கொண்டுவிடுவதாக மாடிக்காரர் சொல்லியிருந்தார் இல்லையா, ஆமா, அவரா ஆசைப்பட்டுச் செய்யறாரு என்றேன். உங்களுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லையா என்றார்கள். எனக்கென்னங்க வருத்தம், எனக்குச் செலவு மிச்சம்தானே என்று சிரித்தேன். அதிகாரி காகிதக் கட்டை மூடிவைத்தார். வெளியே வந்து உன் அம்மாவிடம், பிரமாதமாப் போச்சு என்று சொன்னேன்.

ஒரு வாரத்தில் பாஸ்போர்ட்டுகள் திரும்பி வந்தன, கூடவே ஒரு காகிதம். மாமா அதை ஸ்டூடியோவில் நின்றபடி படித்துத் தமிழில் சொன்னார். விண்ணப்பதாரர் தம்முடைய வீட்டின் உரிமையாளரோடு நீண்ட காலமாகச் சேர்ந்து வாழ்வதாகவும், அவருடைய செலவில் பயணம் செய்வதாகவும், கணவருக்கு இதில் ஆட்சேபம் இல்லை என்றும் தெரிவதால் குடும்பச் சூழ்நிலை தெளிவாக இல்லை, திரும்பி வருவார் என்று நம்புவதற்கும் காரணம் போதவில்லை என்று அதில் இருந்தது. மாமா இரண்டாவது தடவை படிக்கும்போது தரையில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்க முடியாமல் சிரித்தார். உன் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. இது எப்படியோ மாடிக்காரர் காதுக்குப் போய்விட்டது (எப்படியோ என்ன, நான்தான் சொன்னேன்). எண்பதை நெருங்குகிற மனிதர், இந்த வயசுல எனக்கு இப்படி ஒரு பேரா என்று பதறினார், ஆனால் மறுநாளிலிருந்து தேய்த்த சட்டை போட்டுக்கொண்டுதான் கீழே இறங்குகிறார். எங்களுக்குள் ஒன்றுமில்லை என்று தூதரகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்று வேறு கேட்டார். நீங்க அப்படி எழுதிக் கொடுத்தாத்தான் ஏதோ இருக்கிற மாதிரி ஆகும், பேசாம காபியைக் குடிச்சிட்டு மேல போங்க என்று சமையலறைக்குள் இருந்தபடியே அம்மா சத்தம் போட்டாள்.

இவ்வளவு சிரித்தோம், இருந்தாலும் அந்தக் காகிதம் வந்த அன்று சாயங்காலம் உனக்காக வாங்கி வைத்திருந்த துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கும்போது அவள் திடீரென்று நின்றுவிட்டாள். ஏங்க, அந்த ஊர்ல அவ யார்கிட்டயாவது ஒரு தடவை உட்கார்ந்து அழுதிருப்பாளா என்று கேட்டாள். நாளைக்கே மறுபடியும் விண்ணப்பம் போடச் சொல்றேன் என்றேன். அவள் துணிகளைத் திரும்பவும் பெட்டியிலேயே வைத்தாள்.

இந்தத் தடவை மாமா போட்ட முதல் சட்டம், அம்மா வாயில் வீட்டுக்காரர் என்ற வார்த்தையே வரக்கூடாது, கணவர் என்றுதான் சொல்ல வேண்டும். கணவர்னு சொன்னா வேற யாரையோ சொல்ற மாதிரி இருக்குடா, டிவி சீரியல்ல வர்ற ஆளு மாதிரி என்று அழாத குறையாகச் சொன்னாள், ஆனால் முயற்சியை விடவில்லை. வீட்டில் நாளெல்லாம் பழகினாள். கணவர், அந்தத் துடைப்பத்தை எடுங்க. கணவர், குழாய் சொட்டுது பாருங்க. கணவர், நான் பேசறது காதுல விழுதா. எனக்கே என் வீட்டில் விருந்தாளியாக வந்தது போல் கூச்சமாக இருந்தது, பாதி நேரம் நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று அதற்கும் திட்டு வாங்கினேன்.

இரண்டாம் தடவை எங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். அதிகாரி வேறு, உன் அம்மா வயது இருக்கும் ஒரு அம்மாள். மொழிபெயர்க்க அதே சின்னப் பெண். எங்களைப் பார்த்ததும் அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. போன தடவை நடந்ததைத் தன் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள், அவள் அம்மா சிரித்த சிரிப்பில்தான் விஷயம் விளங்கியதாம். எங்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அதிகாரிக்கும் எடுத்துச் சொன்னாள், அந்த அம்மாள் உதட்டைக் கடித்துக்கொண்டு பழைய காகிதத்தை ஒதுக்கி வைத்தார். சரி, கண்டம் தாண்டியாச்சு என்று நான் நினைத்தபோதுதான் நிஜமான கேள்வி வந்தது. உங்களுக்கு ஒரே பெண், அவள் அங்கே இருக்கிறாள். வீடு வாடகை, கடையும் வாடகை. இரண்டு பேரும் போய்விட்டால் திரும்பி வர இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை, வாலு. நான் என் மனசுக்குள் தேடிப் பார்த்தேன், அந்த அம்மாளிடம் காட்டுகிற மாதிரி எதுவும் கிடைக்கவில்லை. இந்தத் தடவையும் இல்லை என்று சொல்லிவிடுவார்கள் என்றுதான் தோன்றியது. பக்கத்தில் உன் அம்மா மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போது எப்படித்தான் வாயில் வந்ததோ, மேடம், அப்ப நான் போகலை, இவளை மட்டும் அனுப்புங்க என்றேன். நான் இங்க இருந்தா இவ கட்டாயம் திரும்பி வந்துடுவா, நான் மாத்திரை போட்டேனா, கதவைப் பூட்டினேனான்னு பார்க்காம இவளால இருக்க முடியாது, நான்தாங்க அத்தாட்சி, என் விண்ணப்பத்தை எடுத்துடுங்க என்றேன். அந்தப் பெண் அதை மொழிபெயர்க்க முதல் தடவையைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். அதிகாரி உன் அம்மாவைப் பார்த்து, உண்மைதானா என்றார். உன் அம்மா என்னைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்து, இவரை நம்பி ஒரு டம்ளரைக்கூட விட்டுட்டுப் போக முடியாதுங்க என்றாள். எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று கேட்டார். அவ முகம் தெளியற வரைக்கும்னு சொல்லக் கூடாதுன்னு தம்பி சொல்லியிருக்கான், அதனால இருபது நாள் என்றாள். அந்தப் பெண் ஒரு வார்த்தை விடாமல் அப்படியே மொழிபெயர்த்துவிட்டாள். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, எனக்கும் வெளியூரில் ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லி முத்திரையை எடுத்தார்.

ஆக, அம்மாவுக்கு விசா கிடைத்துவிட்டது, ஒரே ஒரு தடவை போய்வர. நான் வரவில்லை. வெளியே வந்து படி இறங்கும்போது யாரு உங்களைக் கேட்டது என்று ஒரு தடவைதான் கேட்டாள், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு, சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க என்றாள். உன் வீட்டுக்காரரும் மாடி வீட்டுக்காரரும் சேர்ந்து சமைச்சுக்கறோம், நீ கவலைப்படாதே என்றேன். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எனக்கு வர ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதே. புது ஷூ வாங்கினேன், அதை இப்போது ஸ்டூடியோவுக்குப் போட்டுக்கொண்டு போகிறேன், குதிகாலைக் கடிக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் இதுதான் சரி. நான் வந்தால் நீ எனக்காக நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருப்பாய், அந்த வேஷம் உன் அம்மாவிடம் அரை மணி நேரம் தாங்காது.

இனி கவனிக்க வேண்டியவை. அம்மா வரும் நாளும் விமானமும் தனியாக மெசேஜில் அனுப்புகிறேன். சாப்பாட்டுச் சாமான் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிப் பெட்டியிலிருந்து சில பொட்டலங்களை வெளியே எடுத்தேன், நான் அந்தப் பக்கம் போனதும் அதைவிட அதிகமாக உள்ளே போயிருக்கும், அங்கே பிடித்தால் நீதான் சமாளிக்க வேண்டும். முழங்காலுக்காகச் சக்கர நாற்காலி சொல்லியிருக்கிறோம், என்னை நோயாளி ஆக்கிட்டீங்களே என்று கோபமாக இருக்கிறாள், அதில் உட்கார்ந்து வந்தால் சிரித்துவிடாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், நீ சிரிக்கிறபோது நிஜமாகவே சிரிக்க வேண்டும், இதுதான் எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

கடைசியாக ஒன்று, இதை மறந்துவிடாதே. விசா இருந்தாலும் அங்கே இறங்கியதும் எல்லையில் மறுபடியும் ஒரு அதிகாரி விசாரிப்பாராம். அம்மாவுக்கு அவர்கள் மொழி தெரியாததால் உன் நம்பருக்கே போன் போட்டாலும் போடுவார்கள் என்று மாமா சொல்கிறார். போனைக் கையிலேயே வைத்திரு, அன்றைக்கு மீட்டிங் வேண்டாம். இந்த அம்மா எதற்கு வந்திருக்கிறார் என்றுதான் கேட்பார்கள். அழைப்புக் கடிதத்தில் நீ ஊரைச் சுற்றிப் பார்க்க வருகிறார் என்று எழுதியிருந்தாய், அதைச் சொல்லாதே. எனக்கு எங்க அம்மா வேணும், அதனால வந்திருக்காங்க என்று சொல். இந்த ஆறு மாதத்தில் நீ எங்களிடம்கூடச் சொல்லாத வார்த்தை அது. முதன்முதலில் அதை முன்பின் தெரியாத ஒரு யூனிஃபார்ம்காரரிடம் சொன்னாலும் பரவாயில்லை, சொல்லிவிடு. கதவைத் திறந்துவிடுவார்கள்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா